பீரோ நிறைய துணி... ஆனா போட்டுக்க ஒண்ணுமே இல்லையா? - அக்காவின் பீரோ சொன்ன கணக்கு!

"போட்டுக்க ஒண்ணுமே இல்ல!"

இந்த வசனம் கேட்காத வீடு உண்டா? பீரோ கதவைத் திறந்தால் துணி சரிந்து காலில் விழும். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, பரண் மேல் இரண்டு பை என்று அங்கேயும் துணி இருக்கும். இருந்தாலும் காலை 8 மணிக்கு இந்த வசனம் வந்துவிடும். உடனே வீட்டில் யாராவது ஒருவர், "இவ்ளோ வச்சுக்கிட்டு ஒண்ணும் இல்லையாம்!" என்று சிரிப்பார்.

சிரிக்கிற விஷயமில்லை என்று எனக்குப் புரியவைத்தது என் அக்காவின் பீரோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நாங்கள் அதை எண்ணினோம். ஆம், எண்ணினோம். அதில் வந்த கணக்கைத்தான் இங்கே பகிர்கிறேன். உங்கள் பீரோவுக்கும் இது உதவலாம்.

வேலை கிடைத்தது, ஆனால்...

அக்காவுக்கு 36 வயது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அக்கவுன்ட்ஸ் வேலையில் இருந்தவள். முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டாள். இரண்டாவது பிறந்தது. எட்டு வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் சின்னவன் எல்.கே.ஜி. சேர்ந்ததும் மறுபடி விண்ணப்பிக்க ஆரம்பித்தாள். பேரன், பேத்தியைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து அம்மாவும் வந்துவிட்டார். கிண்டியில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. குரோம்பேட்டை வீட்டிலிருந்து மின்சார ரயிலில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது.

வீடே சந்தோஷப்பட்டது. ஆனால், அக்கா மட்டும் "சேர்ற தேதியை ரெண்டு வாரம் தள்ளிக் கேட்கலாம்னு இருக்கேன்" என்றாள். கேட்டால், "பசங்களுக்கு ஸ்கூல்ல பரீட்சை" என்றாள். எல்.கே.ஜி-க்கு என்ன பரீட்சை?

அந்த ஞாயிறு நான் போனபோது அவள் போனில் ஒரு ஷாப்பிங் ஆப் திறந்திருந்தது. கார்ட்டில் பத்து குர்தா செட். மொத்தம் 12,000 ரூபாய்க்கு மேல். முதல் மாதச் சம்பளம் வர இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. மாமாவிடம் கேட்கவும் அவளுக்கு மனசில்லை. வாங்கவும் முடியாமல், மூடவும் முடியாமல் அந்த கார்ட் நாலு நாளாக அப்படியே இருந்திருக்கிறது.

"ஆபீஸ்ல எல்லாம் உன் வயசுப் பொண்ணுங்களா இருப்பாங்கடி. நான் எதைப் போட்டுக்கிட்டுப் போவேன்? ஒண்ணுமே இல்ல" என்றாள். தேதி தள்ளிப்போனதற்குக் காரணம் அதுதான்.

எட்டு வருடம் கழித்து ஒரு பெண் தன் சம்பளத்துக்குத் திரும்பிப் போகிறாள். அதை ஒரு பேன்ட், சட்டைப் பிரச்னை தடுத்து நிறுத்துவதா? "வாங்குறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பார்த்துடலாம்" என்று பீரோவைத் திறந்தோம்.

எண்ணினால்தான் தெரியும்

எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினோம். வகைவாரியாகப் பிரித்தோம். அம்மா ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

குர்தி, டாப்ஸ் மொத்தம் 38. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்கச் சொன்னோம். இதில் சோம்பல் கூடாது. கையில் எடுத்துப் பார்த்து 'இது சரியா இருக்கும்' என்று சொல்வது வேறு; போட்டு, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பார்ப்பது வேறு. ரயிலில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கியாக வேண்டுமே!

இன்றைக்கே போடக்கூடியவை 14. கொஞ்சம் இறுக்கம், ஆனால் உள்ளே துணி விட்டுத் தைத்திருப்பதால் பிரித்துவிட்டால் சரியாகும் என்பவை 7. சாயம் வெளுத்து, நூல் உருண்டு உருண்டு நிற்பவை 6. இனி எப்படியும் பத்தாது என்பவை 11.

அடுத்து பேன்ட், லெகிங்ஸ், பட்டியாலா வகையறா. மொத்தம் 21. கேட்க எவ்வளவு பெரிய எண்ணிக்கை! இடுப்பில் எலாஸ்டிக் நின்றவை 8. வெளியே போட்டுப்போகிற நிலையில் இருந்தவை 5. அந்த ஐந்தின் நிறம்: ரோஸ், கிளிப்பச்சை, மஞ்சள், மெரூன், கறுப்பு. கறுப்பும் வெளுத்து சாம்பல் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

துப்பட்டா 23. அதில் பாதிக்கு ஜோடி எது என்று அக்காவுக்கே தெரியவில்லை. சுடிதார் கிழிந்து போயிருக்கும், துப்பட்டா மட்டும் புதுசாக இருக்கும்!

சேலை 34. இப்போது அவளுக்குச் சரியாக இருக்கும் பிளவுஸ் 5.

இவ்வளவையும் வைத்து, டாப்ஸ், பேன்ட், வேண்டுமென்றால் ஷால் என்று முழு செட்டாக எடுத்து வைக்கச் சொன்னேன். அன்றைக்கு நாலே நாலு செட்தான் தேறியது.

ஆக, அக்கா சொன்னது பொய்யில்லை. துணி நூற்றுக்கு மேல் இருந்தது. உடை நாலுதான் இருந்தது. நாம் கடையில் துணியாக வாங்குகிறோம். காலையில் நமக்குத் தேவைப்படுவது செட். ஜோடி உடைந்துபோன துணி எத்தனை இருந்தாலும் காலை 8 மணிக்கு அதனால் பயனில்லை.

இன்னொரு விஷயமும் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த 14 டாப்ஸில் ஒன்பதுக்கு அந்த ஒரே கறுப்பு லெகிங்ஸ்தான் ஜோடி. திங்கள்கிழமை அதைப் போட்டுத் துவைக்கப் போட்டுவிட்டால், செவ்வாய்க்கிழமை ஒன்பது டாப்ஸும் பீரோவில் சும்மா தூங்கும். பத்து குர்தா வாங்கியிருந்தாலும் இது தீர்ந்திருக்காது.

பத்தாத துணி பேசும்

அந்தப் பதினொன்றை என்ன செய்வது என்பதில்தான் அதிக நேரம் போனது.

எல்லாமே நல்ல துணிகள். ஒன்று முதல் சம்பளத்தில் வாங்கியது. ஒன்று கல்யாணமான புதிதில் மாமா எடுத்துத் தந்தது. "இளைச்சதும் போட்டுக்கலாம்னு வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. எத்தனை வருடமாக? பதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "காலையில பீரோவைத் திறந்ததும் முதல்ல கண்ணுல படுறது எனக்குப் பத்தாத துணிதான். அதெல்லாம் நல்லா இருக்குல்ல, அதனால முன்னாடி மாட்டி வச்சிருக்கேன். தினமும் அதைத் தள்ளிட்டுத்தான் பின்னாடி இருக்கிறதை எடுக்கணும். 'நீ முன்ன மாதிரி இல்ல'ன்னு தினமும் அது சொல்லிக்கிட்டே இருக்கு."

இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு மாறத்தான் செய்யும். உடம்புக்கு ஏற்ப துணி இருக்க வேண்டுமே தவிர, துணிக்கு ஏற்ப உடம்பு இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு ஒரு நாளைத் தொடங்கக் கூடாது. உடற்பயிற்சி, உணவு எல்லாம் ஆரோக்கியத்துக்காகச் செய்யட்டும். பீரோவின் முன்வரிசை இன்றைய உடம்புக்கு உரியது.

ஆசைக்கு மூன்றை மட்டும் ஒரு பையில் போட்டுப் பரணில் வைத்தோம். மீதி எட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு வைத்தோம். சித்தி மகள் கல்லூரியில் படிக்கிறாள். போட்டோ அனுப்பி, "வேணுமா?" என்று கேட்டோம். பிடித்த ஐந்தை எடுத்துக்கொண்டாள். துணி கொடுக்கும்போது இந்த 'வேணுமா' முக்கியம். நமக்கு இடம் காலியாக வேண்டும் என்பதற்காக, கிழிந்ததையும் வெளுத்ததையும் மூட்டை கட்டி இன்னொருவர் தலையில் ஏற்றக் கூடாது. வெளுத்த ஆறும் காட்டன் என்பதால் அம்மா வெட்டி அடுப்படித் துணியாக்கிவிட்டார். பழைய காட்டனுக்கு ஈடாகத் தண்ணீர் உறிஞ்சும் துணி எங்கே கிடைக்கும்?

முதல் செலவு டெய்லருக்கு!

புதுத்துணிக் கடைக்கு முன் நாங்கள் போனது தெருமுனை டெய்லர் அண்ணாவிடம்.

டெய்லர் தைத்த பிளவுஸ், சுடிதார் டாப்ஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு மூன்று வரிசை தையல் ஓடியிருக்கும். அதற்கு வெளியே ஒரு இன்ச் அளவுக்குத் துணி விட்டிருப்பார்கள். பின்னாளில் உடம்பு கூடினால் பிரித்துவிடத்தான் அது. ஒரு வரிசை பிரித்தால் ஒரு பக்கத்துக்கு அரை இன்ச்சுக்கு மேல் கிடைக்கும். முன், பின் இரண்டு துணியிலும், இரண்டு பக்கமும் சேர்த்தால் தாராளமாக மூச்சு விடலாம். ரெடிமேடில் இவ்வளவு துணி விடுவதில்லை. அதனால் ரெடிமேட் வாங்கும்போது உள்ளே திருப்பி ஒரு முறை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஏழு டாப்ஸைப் பிரித்துவிட 350 ரூபாய். ஆறு பிளவுஸுக்கு 300 ரூபாய். பிரித்த இடத்தில் பழைய தையல் கோடு லேசாகத் தெரியும். அக்குளுக்குக் கீழே என்பதால் யார் கண்ணிலும் படாது. ஒரு வாரத்தில் 14 டாப்ஸ் 21 ஆனது.

நம் வீட்டில் ஒரு சின்ன பை தனியாக வைத்துக்கொள்ளலாம். கொக்கி போனது, ஓரம் பிரிந்தது, எலாஸ்டிக் தளர்ந்தது எல்லாம் துவைத்து வந்ததும் நேராக அந்தப் பைக்குப் போக வேண்டும். பீரோவுக்குள் போகக் கூடாது. அவசரமாகக் கிளம்பும் காலையில்தான் அந்தக் கொக்கி இல்லாத பிளவுஸ் கையில் வரும்!

மேலே எது வேண்டுமானாலும்... கீழே மூன்று நிறம்

இனி வாங்க வேண்டியது என்ன என்று நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. கறுப்பு, ஆஃப் ஒயிட், நேவி ப்ளூ. இந்த மூன்று நிறத்தில் மூன்று ஸ்ட்ரெயிட் பேன்ட். வேறெதுவும் இல்லை.

ரோஸ் லெகிங்ஸும் கிளிப்பச்சை பட்டியாலாவும் ஏதோ ஒரு டாப்ஸோடு ஒட்டிப் பிறந்தவை. அந்த டாப்ஸ் போய்விட்டால் இவற்றுக்கு வேலை இல்லை. கறுப்பு, ஆஃப் ஒயிட், நேவி மூன்றும் யாரோடும் சேரும். வீட்டில் அரிசி, பருப்பு மாதிரி. குழம்பு எதுவாக இருந்தாலும் சோறு சோறுதானே!

மூன்று பேன்ட்டுக்கு 1,550 ரூபாய் ஆனது. பாக்கெட் இருக்கிறதா, உட்கார்ந்தால் இடுப்பில் வெட்டாமல் இருக்கிறதா, ஆஃப் ஒயிட் வெளிச்சத்தில் உள்ளே தெரியாமல் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்து எடுத்தோம். ஆஃப் ஒயிட்டை வாங்கும்போது கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் வேண்டாம்.

இப்போது கணக்கு. 21 டாப்ஸ், 3 பேன்ட். எண்ணிக்கைப்படி 63 ஜோடி. அதில் பாதி கண்ணுக்குப் பிடிக்காது என்று தள்ளிவிட்டாலும் 30 செட் நிற்கும். ஆறு நாள் ஆபீஸ் என்றாலும் ஒரு மாதம் ஓடும். பத்து குர்தா வாங்கியிருந்தால் பத்து செட்தான் கிடைத்திருக்கும்.

வெளிநாட்டு ஃபேஷன் உலகில் இதற்கு 'கேப்சூல் வார்ட்ரோப்' என்று பெயர். 1970-களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூஸி ஃபோ இந்தப் பேச்சைப் பிரபலமாக்கினார். 1985-ல் அமெரிக்க டிசைனர் டோனா கரன், ஒன்றோடொன்று மாற்றிப் போட்டுக்கொள்ளக்கூடிய ஏழு உடைகளை வைத்தே ஒரு தொகுப்பை அறிமுகம் செய்தார். வேலைக்குப் போகும் பெண்கள் அதைக் கொண்டாடினார்கள். அவர்கள் பட்டியலில் கோட்டும் ஸ்கர்ட்டும் இருக்கும். நமக்கு அந்தப் பட்டியல் வேண்டாம். குறைவான துணி, நிறைய ஜோடி என்ற அந்தக் கணக்கு போதும்.

நிறம் பொருத்த மூணே மூணு விதி

'எனக்கு மேட்சிங் பார்க்கத் தெரியாது' என்பவர்களுக்காக இது. அக்காவுக்காக ஒரு பேப்பரில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.

ஒன்று: மேலே பூப்போட்டதோ, கட்டம் போட்டதோ என்றால் கீழே பிளைன். மேலே பிளைன் என்றால் ஷாலில் பூ இருக்கலாம். ஒரு செட்டில் ஒரே ஒரு டிசைன் பேசட்டும்.

இரண்டு: பிரின்ட்டில் நாலைந்து நிறம் இருந்தால், அதில் மிகக் குறைவாக இருக்கும் நிறத்தைப் பேன்ட்டுக்கோ ஷாலுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு கலம்காரி டாப்ஸில் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா? கறுப்பு பேன்ட். நீல டாப்ஸில் சின்னதாகச் சந்தன நிறப் புள்ளி இருக்கிறதா? ஆஃப் ஒயிட் பேன்ட். கடையில் செட்டாக விற்கிறவர்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள்.

மூன்று: டாப்ஸ், பேன்ட், ஷால் மூன்றில் ஏதாவது இரண்டு ஒரே நிறக் குடும்பமாக இருக்கட்டும். நேவி பேன்ட், நேவி ஷால் என்றால் நடுவில் மஞ்சள் டாப்ஸ்கூட அழகாக உட்காரும். ஜோடி தெரியாமல் கிடந்த 23 துப்பட்டாவில் ஒன்பதுக்கு இப்படித்தான் மறுவாழ்வு கிடைத்தது.

ஒரு குறிப்பு: நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் நேவியும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ரயில் ஏறிய பிறகுதான் வித்தியாசம் தெரியவரும்.

34 சேலைக்கு எத்தனை பிளவுஸ்?

சேலையிலும் அதே கதைதான். 34 சேலை இருந்தும் அக்காவால் கட்ட முடிந்தது ஐந்து. காரணம் பிளவுஸ். சேலைக்கு வயது ஆவதில்லை. அன்றைக்கு ஆறு கஜமாக இருந்தது இன்றைக்கும் ஆறு கஜம்தான். உடம்பை அளவெடுத்துத் தைத்த பிளவுஸ்தான் முதலில் கைவிடும்.

டெய்லர் பிரித்துவிட்டது ஆறு. அதோடு கறுப்பிலும் மெரூனிலும் இழுவைத் துணியில் தைத்த ரெடிமேட் பிளவுஸ் இரண்டு வாங்கினோம். 800 ரூபாய். காட்டன், லினன் சேலைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்று சேர்ந்துவிட்டது. சேலையோடு வந்த பிளவுஸ் துணியைத்தான் தைத்துப் போட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பார்டரில் இருக்கும் நிறம், அல்லது உடலில் இருக்கும் சின்னப் பூவின் நிறம் போதும்.

உள்பாவாடையிலும் வெள்ளை, கறுப்பு, மெரூன் என மூன்று இருந்தால் அன்றாடச் சேலைகளுக்குச் சமாளிக்கலாம். மெல்லிய வெளிர் சேலைக்கு மட்டும் அதே நிறத்தைத் தேட வேண்டியிருக்கும்.

மொத்தச் செலவு: பேன்ட் 1,550, டாப்ஸ் பிரித்தது 350, பிளவுஸ் பிரித்தது 300, ரெடிமேட் பிளவுஸ் 800. ஆக 3,000 ரூபாய். ஷாப்பிங் கார்ட்டை அக்கா அவளே காலி செய்தாள்.

ஞாயிறு மாலை அரை மணி நேரம்

செட் தயார். ஆனால், காலையில் தேடினால் மறுபடி பழைய கதைதான். அதனால் ஞாயிறு மாலை டி.வி. பார்த்துக்கொண்டே ஐந்து, ஆறு செட்டை இஸ்திரி போட்டு, ஒரே ஹேங்கரில் டாப்ஸ், பேன்ட், ஷால் மூன்றையும் சேர்த்து மாட்டிவிடுகிறாள். சேலை என்றால் பிளவுஸ், உள்பாவாடை, இரண்டு பின் எல்லாம் அதே ஹேங்கரில். பின்னைத் தேடி ஓடுவதில் போகிற பத்து நிமிடத்தில் ஒரு ரயில் போய்விடும்!

இன்னொரு சுலபமான வழி, போன். செட்டாகக் கட்டிலில் பரப்பி ஒரு போட்டோ. தனி ஆல்பத்தில் போட்டுவைத்துக்கொண்டால், 'இன்னைக்கு என்ன?' என்ற கேள்விக்கு விரலால் தள்ளிப் பார்த்தாலே பதில் கிடைக்கும். இப்போது அக்காவின் ஆல்பத்தில் 28 போட்டோ இருக்கிறது. கடையில் ஒரு டாப்ஸ் கண்ணைப் பறித்தாலும் அந்த ஆல்பத்தைத் திறந்து பார்க்கிறாள். வீட்டில் இருக்கும் இரண்டு பேன்ட்டோடாவது சேர்ந்தால்தான் அது வீட்டுக்கு வரும்.

விலையையும் இப்படிப் பார்க்கலாம். 2,000 ரூபாய்க்கு எடுத்து வருடத்துக்கு இரண்டு முறை போட்டால், அந்த வருடக் கணக்கில் ஒரு முறைக்கு 1,000 ரூபாய். 500 ரூபாய் பேன்ட்டை வாரம் ஒரு முறை என 50 வாரம் போட்டால் ஒரு முறைக்கு 10 ரூபாய். எது மலிவு?

நம் ஊர் வெயிலையும் மழையையும் மறக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் காட்டன்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தெருவில் தண்ணீர் நிற்கும்போது தரையைக் கூட்டும் பலாஸோ முழங்கால் வரை ஈரத்தை இழுத்துவிடும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் பேன்ட் நல்லது. ஈரக்காற்றில் கனமான துணி இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் காயாது என்பதால், மழைக்காலத்துக்குக் கூடுதலாக ஒரு பேன்ட் கையிருப்பில் இருக்கட்டும். இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உள்ளே செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. வண்டி நாளில் துப்பட்டா இல்லாத செட் என்று முடிவு செய்துவிட்டால் இன்னும் நிம்மதி.

"அதே டிரஸ்ஸா?" என்று கேட்பார்களா?

அக்காவின் அடுத்த பயம் இதுதான். "ஒரே பேன்ட்டையே திரும்பத் திரும்பப் போட்டா கவனிக்க மாட்டாங்களா?"

நான் மாமாவைக் கைகாட்டினேன். அவரிடம் ஆபீஸுக்கு ஏழு சட்டை, மூன்று பேன்ட். வருடக்கணக்காக அதேதான். அவரிடம் யாரும், "சார், இந்த நீலச் சட்டையைப் போன வாரம் போட்டீங்களே" என்று கேட்டதில்லை.

அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா சாம்பல் அல்லது நீல நிற சூட் மட்டுமே அணிவதாக 2012-ல் ஒரு பேட்டியில் சொன்னார். முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள் ஏராளமாக இருப்பதால் உடையிலும் உணவிலும் யோசிக்க விரும்பவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் என்றாலே கறுப்பு டர்டில்நெக்தான் நினைவுக்கு வரும். அவர்களைப் புத்திசாலிகள் என்கிறோம். ஒரு பெண் இதையே செய்தால்?

ஆஸ்திரேலியாவில் ஒரு சம்பவம். காலை நேர டி.வி. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய கார்ல் ஸ்டெஃபானோவிக், தன்னோடு தொகுத்து வழங்கிய லிசா வில்கின்சனின் உடைகளைப் பற்றிப் பார்வையாளர்கள் ஓயாமல் விமர்சிப்பதைக் கவனித்தார். ஏறக்குறைய ஒரு வருடம் முழுக்க ஒரே நீல நிற சூட்டில் நிகழ்ச்சிக்கு வந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014-ல் அவரே வெளியில் சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பெண்கள் உடையை வைத்து மதிப்பிடப்படுகிறார்கள், தான் வேலையை வைத்து மதிப்பிடப்படுவதாக அவர் சொன்னார்.

ஆகவே, அக்காவின் பயத்தை 'வீண் பயம்' என்று ஒதுக்க மாட்டேன். கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால், பெரும்பாலோர் கவனிப்பது முகத்துக்கு அருகில் இருப்பதை. டாப்ஸும் ஷாலும் மாறினால் பேன்ட்டை யாரும் பார்ப்பதில்லை. அதையும் தாண்டி ஒருவர் "அதே டிரஸ்ஸா?" என்று கேட்டால், "ஆமா, பிடிச்ச டிரஸ்" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

அம்மாவின் 'நல்ல புடவை'

அக்காவின் பீரோ முடிந்ததும் அம்மாவின் பெட்டியையும் திறந்தோம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எனக்கென்னடி, நான் வீட்டுலதானே இருக்கேன்" என்றார். அவர் அன்று போட்டிருந்த நைட்டிக்குக் குறைந்தது ஆறு வயது இருக்கும்.

பெட்டிக்குள் நாலு மதுரைச் சுங்குடிச் சேலைகள். துணியை விரல் நகத்தால் கிள்ளி, நூலால் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டு, சாயம் தோய்த்துப் புள்ளி புள்ளியாக எடுப்பது சுங்குடி. மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தினர் தலைமுறைகளாகச் செய்துவரும் கைவேலை. 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. மதுரை வெயிலுக்கென்றே பிறந்த காட்டன். அது சென்னையில், பெட்டிக்குள், 'நல்ல நாளுக்கு' என்று காத்திருந்தது.

பட்டுச் சேலை ஒன்றை விரித்தோம். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்ததால் மடிப்புக் கோட்டில் ஜரிகையும் இழையும் விட்டுப்போயிருந்தது. கட்டிக் கிழிந்திருந்தால்கூட மனசு ஆறும். கட்டாமலே கிழிந்திருக்கிறது. பட்டைச் சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய காட்டன் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அதைவிட நல்லது, எடுத்துக் கட்டுவது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். எல்லாத் துணியும் ஒரு படி இறங்கி வரும். விசேஷத்துக்கு என்று வைத்த காட்டன், லினன் எல்லாம் ஆபீஸுக்கும் கடைத்தெருவுக்கும். வெளியே போட்டு அலுத்தவை வீட்டுக்கு. வீட்டில் கிழிந்தவை அடுப்படிக்கு. அம்மாவின் சுங்குடி, பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர. அந்த ஆறு வயது நைட்டி இப்போது மிதியடி.

முதல் நாள் சுங்குடி கட்டிக்கொண்டு அம்மா பள்ளி வாசலில் நின்றபோது, "பாட்டி, இன்னைக்கு யாருக்குப் பர்த்டே?" என்று கேட்டானாம் சின்னவன். அம்மா இதை மூன்று பேரிடம் போனில் சொல்லிச் சிரித்துவிட்டார்.

அக்கா சொன்ன தேதியிலேயே வேலையில் சேர்ந்தாள். மூன்று மாதம் முடிந்துவிட்டது. இதுவரை வாங்கியது ஒரே ஒரு டாப்ஸ், அதுவும் ஆல்பத்தைப் பார்த்த பிறகு. முதல் மாதச் சம்பளத்தில் தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் பெயரில் ஆர்.டி. ஆரம்பித்தாள். மாதம் 2,000 ரூபாய்.

நீங்கள் தொடங்குவதற்கு முழு ஞாயிறு வேண்டாம். இன்று மாலை உங்கள் பேன்ட், லெகிங்ஸை மட்டும் எடுத்துக் கட்டிலில் போடுங்கள். இடுப்பில் நிற்பவை எத்தனை, அவற்றில் எதனோடும் சேரும் நிறம் எத்தனை என்று எண்ணுங்கள். சேலை கட்டுகிறவர்கள் பிளவுஸை எண்ணுங்கள். ஆண்களும் எண்ணலாம், தப்பில்லை! அடுத்த முறை கடைக்குப் போகும்போது என்ன வாங்க வேண்டும், என்ன வேண்டாம் என்பது அந்த எண்ணிக்கையிலேயே இருக்கும்.